நெல்லிக் குடும்பத்தில் ஒரு நிக்கல் செடி

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



இயந்திரவியல் மாணவன் ஆண்டு மலரில் எழுதினால் லேத், சி.என்.சி., டீசல் எஞ்சின் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் எழுதப் போவது ஒரு செடியைப் பற்றி. "பாலிடெக்னிக்கில் தாவரவியல் எதுக்குப்பா?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தச் செடி தன் இலைக்குள் நிக்கல் உலோகத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது.

நிக்கல் நமக்கு அந்நியமானதல்ல. எவர்சில்வர் பாத்திரங்களில் பல 18-8 வகை எஃகு. அதாவது நூற்றில் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். மெட்டீரியல் சயின்ஸ் பாடத்தில் எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான். மின்சார வண்டிகளின் பேட்டரி பலவற்றிலும் நிக்கல் இருக்கிறது. மலையை வெட்டித் தாதுவை எடுத்து, உருக்கித்தான் அதைப் பிரிக்கிறார்கள். அந்த உலோகத்தை ஒரு செடி வேரால் உறிஞ்சி இலையில் வைத்திருக்கிறது என்றால், அது எந்தச் செடி, அதற்கு யார் பெயர் வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? அதுதான் இக்கட்டுரை.

செடி இருக்கும் இடம்

போர்னியோ பெரிய தீவு. அதன் வடக்கு முனையில் மலேசியாவின் சபா மாநிலம் இருக்கிறது. அங்கே கினபாலு என்ற மலை 4,095 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள கினபாலு பூங்கா 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. அதன் அருகே லொம்பொயு என்று ஒரு குன்று. நம் கதாநாயகன் இயற்கையாக வளருவது அந்தக் குன்றுப் பகுதியில் மட்டும்தான்.

அந்த மண் சாதாரண மண் அல்ல. பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த அல்ட்ராமாஃபிக் என்ற வகைப் பாறை சிதைந்து உண்டான மண். இதில் இரும்பு, மெக்னீசியம், நிக்கல், குரோமியம் எல்லாம் அதிகம். பயிருக்கு வேண்டிய பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம் குறைவு. விவசாயி பார்த்தால் "விளங்காத மண்" என்று சொல்லிவிடுவார். பல செடிகளுக்கு இந்த அளவு நிக்கல் விஷம். இங்கே தாக்குப்பிடிக்கும் செடிகளிலும் பெரும்பாலானவை நிக்கலை வேரிலேயே தடுத்து நிறுத்திவிடும். வெகு சில மட்டும் அதை வாரி எடுத்து இலைக்கு அனுப்புகின்றன.

காய்ந்த இலையில் ஒரு கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல் நிக்கல் இருந்தால் அதை 'மிகை சேர்ப்பி' என்கிறார்கள். சாதாரணச் செடிகளில் ஒரு கிலோவுக்குச் சில மில்லிகிராம்தான் இருக்கும். 2018-இல் வெளியான உலகப் பட்டியலில் இப்படி ஏதேனும் ஓர் உலோகத்தையோ உலோகப்போலியையோ மிகையாகச் சேர்க்கும் இனங்கள் 721. அவற்றில் 532 நிக்கல் சேர்ப்பவை. நம் லொம்பொயு செடியின் காய்ந்த இலையில் எடைக்கு 2 சதவீதத்துக்கு மேலேயே நிக்கல் இருக்கிறது. கணக்குப் போட்டால் கிலோவுக்கு 20 கிராம். சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் நிக்கல் தாதுவிலேயே பல இடங்களில் 1 முதல் 2 சதவீதம்தான் நிக்கல் இருக்கிறது. இலை தாதுவுக்குச் சமமாக நிற்கிறது!

நெல்லிக்கு ஒன்றுவிட்ட தம்பி

இந்தச் செடியின் அறிவியல் பெயர் ஃபில்லாந்தஸ் ரூஃபஸ்சேனியை. முன்பாதி பேரினத்தின் பெயர், பின்பாதி இனத்தின் பெயர். நம்ம இன்ஷியலும் பெயரும் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்லாந்தஸ் என்றதும் சித்த மருத்துவம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நெல்லிக்காய் மரம் ஃபில்லாந்தஸ் எம்ப்ளிகா. கீழாநெல்லி ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஆக, போர்னியோவின் நிக்கல் செடி நம் நெல்லிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை.

இனத்தின் பெயர் ரூஃபஸ் சேனி என்ற அமெரிக்க வேளாண் விஞ்ஞானியை நினைத்து வைத்தது. மண்ணில் இருக்கும் உலோகத்தைச் செடியைக் கொண்டு எடுக்கலாம் என்ற யோசனையை 1983-லேயே எழுதியவர் அவர். ஆணின் பெயரில் இனப் பெயர் வைத்தால் லத்தீன் வழக்கப்படி கடைசியில் 'இ' ஒலி சேர்ப்பார்கள். சபாவில் கிடைத்த இன்னொரு நிக்கல் செடிக்கு, அந்தத் துறையின் ஆய்வாளர் ஆலன் பேக்கர் பெயரால், 2016-இல் ஆக்டெஃபிலா ஆலன்பேக்கரி என்று பெயர் வந்ததும் இப்படித்தான்.

'போல' என்று ஒரு பெயர்

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இங்கேதான் ஆரம்பம். இந்தச் செடி 2018-இல்தான் தனக்கென்று பெயர் பெற்றது. ஆனால் அதற்கு முன்பே இது விஞ்ஞானிகள் கையில் இருந்தது. இலையில் எந்த இடத்தில் நிக்கல் தங்குகிறது என்று எக்ஸ்ரே படம்கூட எடுத்துவிட்டார்கள். அப்போது எந்தப் பெயரில் எழுதினார்கள்? ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த ஃபில்லாந்தஸ் செக்யூரினெகியாய்டிஸ் என்ற வேறோர் இனத்தின் பெயரில். சில கட்டுரைகளில் அந்தப் பெயருக்கு நடுவே 'ஒப்பிடுக' என்று பொருள்படும் லத்தீன் சுருக்கத்தைச் சேர்த்திருந்தார்கள். "அதைப் போல இருக்கு, அதுதானா என்று உறுதி இல்லை" என்பது அதன் அர்த்தம்.

ஒரு செடி நம் கண் முன்னால் நின்றும், பெயர் இல்லாமல் இன்னொருவன் பெயரில் காலம் தள்ளுவதை நினைத்துப் பாருங்கள். அட்மிஷன் நேரத்தில் டி.சி., சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று கையில் கட்டு வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற நமக்கு இது நன்றாகவே புரியும். ஆள் இருந்தால் போதாது, தாளில் பெயர் இருக்க வேண்டும். அதுவும் சரியாக இருக்க வேண்டும்.

ஓர் இனத்தை விவரிப்பது எப்படி?

இனி பாடத்துக்கு வருவோம். புது இனம் ஒன்றை 'விவரித்தல்' என்றால் அழகாக வர்ணிப்பது என்று நினைக்காதீர்கள். நம் எஞ்சினியரிங் டிராயிங் மாதிரி அது ஒரு முறையான வேலை. படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி, சேகரிப்பு. இலை மட்டும் போதாது. பூவும் முடிந்தால் காயும் உள்ள கிளை வேண்டும். அதைக் காகிதங்களுக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்துவார்கள். பிறகு கெட்டித் தாளில் ஒட்டுவார்கள். எந்த இடம், என்ன உயரம், என்ன தேதி, யார் எடுத்தது, எடுத்தவரின் எத்தனையாவது மாதிரி, பூவின் நிறம் என்ன என்று சீட்டு எழுதுவார்கள். காய்ந்தால் நிறம் போய்விடும் என்பதால் அதை அப்போதே எழுதியாக வேண்டும். நம் லேப் நோட்டில் ரீடிங்கை அப்போதே எழுதச் சொல்வது போல. இப்படிப்பட்ட தாள்களைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். நம் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலும் பெரிய ஹெர்பேரியம் இருக்கிறது.

நிக்கல் செடி தேடுபவர்கள் கூடவே ஒரு வேதியியல் சோதனையும் செய்வார்கள். டைமெத்தில் கிளையாக்ஸிம் என்ற வேதிப்பொருளில் நனைத்த வெள்ளைத் தாளில் இலையைக் கசக்கித் தேய்த்தால், நிக்கல் நிறைய இருந்தால் தாள் ரோஜா சிவப்பாக மாறும். காட்டில் நின்றபடியே, கரண்ட் இல்லாமல், ஒரு நிமிடத்தில் விடை. இப்போது கையடக்க எக்ஸ்ரே கருவியும் வந்திருக்கிறது. பழைய இரும்பு வியாபாரத்தில் எஃகின் கலவை பார்க்கத் துப்பாக்கி மாதிரி ஒன்று வைத்திருப்பார்களே, அதேதான். சபாவின் ஹெர்பேரியத்தில் ஆயிரக்கணக்கான பழைய தாள்களை, இலையைக் கிள்ளாமலேயே, அதைக் கொண்டு சோதித்திருக்கிறார்கள்.

இரண்டாம் படி, ஒப்பீடு. இதுதான் உயிர்நாடி. "இது புதுசு" என்று சொல்ல வேண்டுமானால், பழையது எல்லாவற்றோடும் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஃபில்லாந்தஸ் பேரினத்தில் மட்டும் எண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்த்திருந்தார்கள். பூவை வெந்நீரில் ஊறவைத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் பிரித்து, ஒவ்வொரு உறுப்பாக அளப்பார்கள். நம் செடியில் இரண்டு அடையாளங்கள் முக்கியமாக நின்றன. ஆண் பூவில் தேன் சுரக்கும் வட்டு இருக்கிறது. பெண் பூவின் சூல்தண்டு பிளவுபடாமல் முழுசாக இருக்கிறது. இவற்றை வைத்து இதைக் கோம்ஃபிடியம் என்ற துணைப்பேரினத்தில் சேர்த்தார்கள். அந்தப் பிரிவின் இனங்கள் பசிபிக் கடலின் நியூ கலிடோனியா தீவில் நிறைய உண்டு. அதுவும் நிக்கலுக்குப் பேர்போன இடம். அந்தப் பிரிவிலேயே மேற்குக் கோடியில் கிடைத்தது நம் செடிதான்.

இன்னொரு சுவையான செய்தி. பூவின் அமைப்பைப் பார்த்து, எபிசெஃபாலா என்ற சிறு அந்துப்பூச்சிதான் இதற்கு மகரந்தச் சேர்க்கை செய்யும் என்று ஊகித்திருக்கிறார்கள். இந்தப் பூச்சி இனத்தில் தாய்ப்பூச்சி மகரந்தத்தைத் தானே எடுத்துப் போய்ப் பெண் பூவில் வைத்துவிட்டு, அங்கேயே முட்டையிடும். புழு சில விதைகளைத் தின்னும், மிச்சம் செடிக்கு. கூலி கொடுத்து வேலை வாங்குகிற ஏற்பாடு!

மூன்றாம் படி, வேறுபாட்டுக் குறிப்பு. நெருங்கிய இனத்திலிருந்து இது எங்கே மாறுபடுகிறது என்பதைச் சில வரிகளில் சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் 'கோ, நோ-கோ' கேஜ் வைத்துப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. நுழைந்தால் இது, நுழையாவிட்டால் அது. வளவளப்புக்கு இடமில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்க பாட்டி ஞாபகம் வந்தது. எங்க வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருத்தன்தான். பாட்டிக்குக் கைநாட்டு. ஆனால் மஞ்சள் காமாலைக்கு என்று யாராவது கீழாநெல்லி கேட்டு வந்தால், வரப்பில் பத்துச் செடியைப் பிடுங்கி அதில் நாலைத் தூக்கி எறிவாங்க. "தண்டு செவந்திருக்கு பாரு. காயைத் திருப்பிப் பாரு, காம்பே இல்ல, சொரசொரன்னு இருக்கு. இது வேற" என்பாங்க. கீழாநெல்லியின் காய் சின்னக் காம்பில் தொங்கும், வழவழப்பாக இருக்கும். பாட்டி எறிந்தது சிவப்புக் கீழாநெல்லி, ஃபில்லாந்தஸ் யூரினேரியா. தாவரவியல் புத்தகமும் இந்த இரண்டையும் பிரிக்கக் காயின் காம்பையும் மேல்தோலையும்தான் பார்க்கச் சொல்கிறது. பாட்டி வாயால் சொன்னதும் ஒரு வேறுபாட்டுக் குறிப்புத்தான். அதை எழுதி வைக்க அந்தக் காலத்தில் வீட்டில் ஆள் இல்லை.

நான்காம் படி, ஆதார மாதிரி. உலர்த்தி ஒட்டிய தாள்களில் ஒன்றை "இந்தப் பெயர் இந்தத் தாளில் உள்ள செடிக்கு உரியது" என்று அறிவித்துவிடுவார்கள். அதற்கு ஹோலோடைப் என்று பெயர். 2019 வரை கிலோகிராம் என்ற அளவுக்கு பாரிஸ் அருகே ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை ஆதாரமாக இருந்தது நமக்குத் தெரியும். ஹோலோடைப்பும் அதுபோல என்று சொல்லலாம், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தத் தாளில் உள்ள கிளை அந்த இனத்திலேயே சிறந்ததாகவோ சராசரியாகவோ இருக்க வேண்டியதில்லை. பெயரைக் கட்டிப் போடும் முளைக்குச்சி அது. பின்னாளில் சந்தேகம் வந்தால் எல்லாரும் அந்தத் தாளிடம் திரும்பிப் போவார்கள்.

ஐந்தாம் படி, வெளியீடு. 1935 முதல் 2011 வரை புதுத் தாவர இனத்தின் விளக்கத்தையோ வேறுபாட்டுக் குறிப்பையோ லத்தீனில் எழுதினால்தான் செல்லும். 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று விதி மாறியது. நம் செடியின் கட்டுரை 2018-இல் தைவானிலிருந்து வரும் பொட்டானிக்கல் ஸ்டடீஸ் இதழில் வெளியானது. எழுதியவர்களில் நெதர்லாந்தின் ரோடரிக் போமன், பீட்டர் வான் வெல்சன், ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய அந்தோணி வான் டெர் என்ட் ஆகியோரோடு சபா பூங்காத் துறையின் சுகைபின் சுமைலும் ஒருவர். அந்த மலைக்காட்டுக்கு உரிய ஊரிலிருந்தும் ஒரு பெயர் அந்தத் தாளில் ஏறியிருப்பதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி.

பெயர் மாறலாமா?

மாறலாம். 2022-இல் அதே போமனும் சக ஆய்வாளர்களும், டி.என்.ஏ. ஆதாரங்களை வைத்து ஃபில்லாந்தஸ் என்ற பெரிய பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்து ஒரு புதிய வகைப்பாடு வெளியிட்டார்கள். அதன்படி நெல்லி, எம்ப்ளிகா என்ற தனிப் பேரினத்துக்குப் போகிறது. ஃபில்லாந்தஸ் என்ற பழைய பெயரையே வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். 'இதென்ன குழப்பம்' என்று நினைக்க வேண்டாம். இன்ஷியல் மாறினாலும் ஆள் அதே ஆள்தான். ரூஃபஸ் சேனியின் பெயரும் ஹோலோடைப் தாளும் அந்தச் செடியை விட்டுப் போகாது.

பெயரால் என்ன ஆகிவிடப் போகிறது?

சிலர் இப்படிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் அந்த மண்ணிலேயே இருக்கிறது. நிக்கல் செடி வளரும் மண், நிக்கல் தாது இருக்கும் மண்ணாகவும் இருக்கக்கூடும். புல்டோசர் வர விரும்பும் இடமும் அதுவே. கினபாலு பூங்காவின் ஓரத்தில் மாமுட் என்ற இடத்தில் 1975 முதல் 1999 வரை செம்புச் சுரங்கம் நடந்தது. அதை மூடிய பிறகும் அங்கே பெரிய பள்ளமும் அமில நீரும் மிஞ்சின. நம் செடிக்கு இருப்பதோ ஒரே குன்று. அந்தக் குன்றைச் சமன் செய்திருந்தால், "என்ன போச்சு, செக்யூரினெகியாய்டிஸ்தானே, வேறு இடத்திலும் இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தனி இனம் என்று எழுதி வைத்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ப்பதற்கும் முதலில் பெயர்தான் வேண்டும்.

இரண்டாவது பயன் நம் துறைக்கு நெருக்கமானது. இந்தப் புதர் வெட்ட வெட்டத் துளிர்க்கும். கினபாலு அருகே ஒரு கிராமத்தில் இதை வயலில் நட்டு, கிளைகளை அறுவடை செய்து, எரித்து, சாம்பலிலிருந்து நிக்கல் எடுக்கும் சோதனையைச் செய்தார்கள். ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 250 கிலோ நிக்கல் கிடைக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு டன் 18-8 எஃகுக்கு 80 கிலோ நிக்கல் வேண்டும். ஆக ஒரு ஹெக்டேர் பயிர் ஏறக்குறைய 3 டன் எவர்சில்வருக்குப் போதும். இது பெரிய சுரங்கத்துக்கு ஈடாகாது. ஆனால் வேறு எதுவும் சரியாக விளையாத மண்ணில் ஏழை விவசாயிக்கு ஒரு வருமானம், மண்ணிலிருக்கும் விஷமும் குறையும். காட்டில் அரிதான செடி வயலில் பெருகினால் அந்த இனமும் பிழைக்கும் என்று கட்டுரை ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். அதற்கும் முதல் நிபந்தனை, காட்டில் உள்ள தாய்ச்செடிகளும் விதையும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பது. லொம்பொயு குன்று போனால் வயலும் இல்லை, நிக்கலும் இல்லை.

முடிவாக ஒரு பயிற்சி

பாடம் என்றால் பயிற்சி இல்லாமல் முடியுமா? இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு செடிகளை எடுங்கள். வயதானவர் ஒருவரிடம் கொடுத்து, "இது ரெண்டும் ஒண்ணா, வேறயா? எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். ஸ்கேல் வைத்து இலையின் நீளம் அகலம் அளந்து, பத்து இலையின் குறைந்த அளவையும் கூடிய அளவையும் பக்கத்தில் போடுங்கள். ஊர் பெயர், தேதி, சொன்னவர் பெயர் மூன்றையும் விடாதீர்கள்.

இனத்தை விவரித்துப் பெயர் வைப்பது பெரிய படிப்புப் படித்தவர்கள் வேலையாக இருக்கலாம். அளவெடுத்து, ஒப்பிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதுவது நாம் இங்கே தினமும் கற்கும் வேலை. நம் பாட்டிமார்களின் வாயிலேயே நின்றுபோன குறிப்புகள் எத்தனையோ. அவற்றை எழுத, நம் வீடுகளில் இப்போது நாம் இருக்கிறோம்.